கிழக்கே பார்த்த பேட்டரி

எஞ்சின் கிளம்பினால் ஓட்டுகிறவன் கெட்டிக்காரன், கிளம்பாவிட்டால் பேட்டரிக்காரன் திருடன். எங்கள் தொழிலில் வேறு தீர்ப்பே கிடையாது. தையற்காரர்களே, கடிகாரம் பழுது பார்ப்பவர்களே, அடுத்தவர் சாமானைத் தொட்டு வயிறு வளர்க்கும் மற்ற அன்பர்களே, உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நீங்களும் பட்டிருப்பீர்கள்.

மைசூரில் தேவராஜ மார்க்கெட்டுக்குப் பின்னால் எனக்கு ஒரு சின்ன பேட்டரிக் கடை. கார்களும் இரண்டொரு லாரிகளும்தான் வாடிக்கை. வாழ்நாளில் ஒரே ஒரு தடவை படகுக்கு பேட்டரி மாட்டினேன். அந்த ஒரு தடவையில் பட்டதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். கோபம் இன்னும் ஆறவில்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

பொத்தான் மோகம்

நஞ்சப்பா பெரிய பட்டு வியாபாரி. மைசூருக்கு அருகில் கன்னம்பாடி அணையில் தண்ணீர் நிறைந்ததிலிருந்தே அந்தத் தண்ணீர் மேல் அவருக்கு ஒரு கண். எப்படியோ அனுமதி வாங்கி ஒரு மோட்டார் படகையும் வாங்கிப் போட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடும் பட்சணத்தோடும் அதில் ஒரு சுற்று வருவார். எஞ்சினில் ஒரு கைப்பிடியைச் செருகி, மூச்சைப் பிடித்துச் சுற்றினால்தான் அது கிளம்பும். சுற்றுவதற்கும் படகை ஓட்டுவதற்கும் மாரிமுத்து என்று ஓர் ஆள். ராமாபுரத்துக் குடியானவன், மழை பொய்த்துப் போனதால் பெண்டாட்டி பிள்ளைகளோடு இங்கே வந்து சேர்ந்தவன். கரையில் ஒரு குடிசை கொடுத்திருந்தார்கள்.

சென்னையில் யாரோ ஒரு துரை பொத்தானை அழுத்திப் படகைக் கிளப்பியதை நஞ்சப்பா பார்த்துவிட்டார். ஊர் திரும்பியதும் ஸ்டார்ட்டர் மோட்டார் வரவழைத்தார். எஞ்சின் கம்பெனி ஆள் அதைப் பொருத்திவிட்டுப் போனான். பேட்டரியும் வயரும் என் தலையில் விழுந்தன.

படகைப் பார்க்கப் போன அன்றைக்கே மாரிமுத்து என்னைத் தனியே கூப்பிட்டான். எஜமான் அவனிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாராம்: பொத்தான் வந்தபின் கைபலம் தேவையில்லை, ஓட்டுவதற்காக உன்னை வைத்துக்கொள்கிறேன், ஆனால் பொத்தான் ஒரு நாள் மக்கர் செய்தாலும் நீ குடிசையைக் காலி செய்ய வேண்டியதுதான். எனக்குச் சுருக்கென்றது. பொத்தானுக்கு வயர் இழுப்பவன் நான், மக்கர் செய்யப்போவது பேட்டரி, வெளியே நிற்கப்போவது அவன் பெண்டாட்டி பிள்ளைகளா? இது எந்த ஊர் நியாயம் என்று அவனிடமே சத்தம் போட்டேன். அவன் என்னைச் சமாதானப்படுத்தினான்.

"நாயம் பேசி என்னங்க சாமி பண்றது. நல்ல பேட்டரியாப் பாத்துப் போடுங்க, போதும்."

தோல் பெட்டி

படகுக்குக் கொண்டுபோகும் முன் பேட்டரியை வீட்டில் காட்ட வேண்டும் என்றார் நஞ்சப்பா. கருகருவென்று பளபளக்கும் எபனைட் பெட்டி. கூடத்தில் இறக்கியதுதான் தாமதம், வீட்டுப் பெண்கள் நாலு அடி பின்வாங்கினார்கள். சமையற்காரர் குனிந்து பார்த்து, "இது எருமைத் தோல்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். எபனைட் என்பது கெட்டியாக்கிய ரப்பர், ரப்பர் என்பது மரத்துப் பால் என்று நான் தொண்டை வறளச் சொன்னேன். எந்த மரத்தில் கறுப்புப் பால் வருகிறது என்று கேட்டார் அவர். கடைசியில் பேட்டரி மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்து வாசலுக்கு அனுப்பினார்கள். என் மேலும் இரண்டு சொட்டு விழுந்தது.

என் வீட்டிலாவது ஆறுதல் கிடைக்கும் என்று மனைவி வேதவல்லியிடம் புலம்பினேன். நாங்கள் மேலுக்கோட்டை வழி வைணவக் குடும்பம். ஆசாரத்தில் நஞ்சப்பா வீட்டுக்கு இளைத்தவர்கள் அல்ல. ஆனாலும் இவளுக்கு உலக விவகாரம் தெரியும் என்று நம்பினேன். கேட்டு முடித்துவிட்டு, ஆசிட் பட்டு ஓட்டை விழுந்த என் வேஷ்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"அவா தெளிச்சதாவது மஞ்சள் ஜலம். நீங்க ஆத்துக்குக் கொண்டு வரதைப் பாருங்கோ."

விரல் கனம்

ஸ்டார்ட்டருக்குப் போகும் வயர் விரல் கனம் இருக்க வேண்டும். பேட்டரி எஞ்சினுக்குப் பக்கத்திலேயே, படகின் அடியில் ஊறும் தண்ணீர் எட்டாத உயரத்தில், அசையாமல் வார் போட்டுக் கட்டியிருக்க வேண்டும். பெட்ரோல் டாங்கிக்கு அருகில் வைக்கவே கூடாது. இதெல்லாம் என் கண்டுபிடிப்பு அல்ல, மின்சாரத்தின் குணம். ஆனால் நஞ்சப்பாவின் குமாஸ்தா ராமண்ணாவுக்கு மின்சாரத்தைவிட அதிகம் தெரியும். வீட்டு விளக்கு வயர் ஒரு சுருளைக் கொண்டுவந்து நீட்டினார். தசராவுக்கு அரண்மனையில் எரிகிற அத்தனை விளக்கும் இந்த கனத்து வயரில்தான் எரிகிறது, ஒரு படகுக்கு உலக்கை எதற்கு என்று கேட்டார்.

விளக்கு சொட்டுச் சொட்டாகக் குடிக்கும், ஸ்டார்ட்டர் ஒரே மூச்சில் குடம் குடிக்கும் என்று சொன்னேன். புரியவில்லை. சரி, கண்ணாலேயே பார்க்கட்டும் என்று அவர் கொண்டுவந்த வயரையே மாட்டிப் பொத்தானை அழுத்தினேன். ஸ்டார்ட்டர் ஒரு முனகல் முனகியது. வயர் சூடேறிப் புகைந்து, மேலுறை உருகி, நாற்றம் கரை வரைக்கும் அடித்தது. சட்டென்று கையை எடுத்துக்கொண்டு, வெற்றி பெற்ற மனிதனாக ராமண்ணாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னார்:

"வயர்ல கோளாறு ஸ்வாமி. இதே கனத்துல வேற சுருள் கொண்டு வரேன், இருங்க."

கறுப்பு ஆகாது

நான் பிடித்த பிடியில் நின்றதால் விரல் கனத்து வயர்தான் போட்டேன். ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு. சிவப்பு பாசிட்டிவ், கறுப்பு நெகட்டிவ். பொத்தானை மாரிமுத்து அழுத்தினான்; எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது. அவன் பெண்டாட்டி கரையில் நின்று கும்பிட்டாள். எனக்கும் கொஞ்சம் கண் கலங்கியதென்று சொல்லிக்கொள்வதில் வெட்கமில்லை.

அடுத்த வாரம் ஆசிட் மட்டம் பார்க்கப் போனால் இரண்டு வயரும் மஞ்சளாக இருந்தன. மஞ்சளில் நனைத்த துணியை நுனி முதல் அடி வரை இறுக்கச் சுற்றியிருந்தார்கள். நஞ்சப்பாவின் மகளுக்கு வரன் பார்க்கிற சமயமாம்; குண்டலுபேட்டை வியாபாரி ஒருவர் தசராவுக்குக் குடும்பத்தோடு வந்து, படகில் வைத்துத்தான் பேச்சை முடிக்கப்போகிறாராம். மங்கள காரியம் நடக்கிற இடத்தில் கறுப்புக் கயிறு நீட்டிக்கொண்டு கிடக்கலாமா? இதில் எது எந்த முனை என்று அடையாளம் தெரியாது, மாறிப்போனால் ஆபத்து என்று மன்றாடினேன். நஞ்சப்பாவுக்குத் தமிழ் நன்றாகவே வரும். கோபம் வந்தால் மட்டும் கன்னடம் தலை நீட்டும். அன்றைக்குக் கோபமில்லை, சிரித்துக்கொண்டே சொன்னார்.

"மாத்தி மாட்டறவன் முட்டாள். என் படகுல முட்டாளுக்கு என்ன வேலை?"

முகம்

மஞ்சள் துணியோடு விட்டார்களா என்றால் இல்லை. பேட்டரிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் கம்பெனிச் சின்னம் பொறித்திருக்கும். அது பேட்டரியின் முகமாம். நான் மாட்டியபோது படகு கட்டியிருந்த வாக்கில் அந்த முகம் மேற்கே பார்த்திருந்ததாம். சக்தி கொடுக்கிற வஸ்து கிழக்கே பார்க்க வேண்டாமா என்று புரோகிதர் கேட்டாராம். பெட்டியைத் திருப்பி வையுங்கள் என்றார் நஞ்சப்பா.

நான் சிரித்திருக்கக் கூடாது. சிரித்துவிட்டேன். இது வீடில்லை ஐயா, படகு. கிளம்பினால் கிழக்கே போகும், திரும்பினால் மேற்கே போகும், வட்டமடித்தால் நாலு திசையும் பார்க்கும், பேட்டரி எந்தத் திசையைத்தான் பார்க்கும் என்று கேட்டேன். அதோடு, பெட்டியைத் திருப்பினால் பாசிட்டிவ் இருந்த பக்கம் நெகட்டிவ் வந்துவிடும், வயரையும் இடம் மாற்ற வேண்டியிருக்கும், வேண்டாம் என்று அழுத்திச் சொன்னேன். அவர் யோசித்தார். பிறகு தலையை ஆட்டினார். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஏறும்போது அவர் ராமண்ணாவிடம் சொன்னது காதில் விழத்தான் செய்தது.

"படகு ஓடறப்ப எங்க வேணா பாக்கட்டும், நிக்கறப்ப கிழக்கே பாக்கணும்."

எஜமானின் கை

ஆயுத பூஜைக்குத் தராசு, முழக்கோல், கத்திரி, காரின் ஸ்பானர் எல்லாவற்றையும் சந்தனம் குங்குமம் வைத்து அடுக்குவது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். நஞ்சப்பா அந்த வருஷம் பேட்டரியையும் படகிலிருந்து கழற்றி வரச் செய்து பூஜையில் வைத்துவிட்டார். தோல் என்று துரத்திய அதே வீடு, அதே பேட்டரி. இப்போது அதற்கு சாமந்தி மாலை. மாரிமுத்துவைப் பண்டிகைக்கு ஊருக்குப் போய் வா என்று அனுப்பிவிட்டிருந்தார்கள். எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை.

பூஜையில் வைத்த கருவியை விஜயதசமியன்று எஜமான்தான் முதலில் கையால் தொட்டு எடுக்க வேண்டும், முதல் வேலையையும் அவரே தொடங்க வேண்டும். நஞ்சப்பா அதைக் கொஞ்சமும் வழுவாமல் செய்தார். காரில் பேட்டரியோடு கரைக்குப் போய், தாமே படகில் இறங்கி, சின்னம் கிழக்கே பார்க்கும்படி பெட்டியை வைத்து, தம் கையாலேயே வயரை மாட்டினார். மாட்டிவிட்டுப் பொத்தானை அழுத்தினார். எஞ்சின் கிளம்பிவிட்டது. இதையெல்லாம் பின்னால் ராமண்ணா என்னிடம் பரவசத்தோடு சொன்னார்.

"தொட்ட உடனே ஓடித்து ஸ்வாமி. நீங்க அரை நாள் மாட்டினீங்க, எஜமானரு அஞ்சு நிமிஷத்துல முடிச்சுட்டாரு."

நடுத் தண்ணீர்

இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். ஸ்டார்ட்டர் ஒரு வெகுளி. வயரை நேராக மாட்டினாலும் மாற்றி மாட்டினாலும் அதே பக்கம்தான் சுற்றும். டைனமோ அப்படியல்ல. எஞ்சின் ஓடும்போது, செலவான மின்சாரத்தை பேட்டரிக்குத் திருப்பிப் போடுவது அதன் வேலை. வயர் மாறியிருந்தால் போடாது. மின்சாரம் போகிற வழியில், இணைத்துப் பிரிக்கிற தொடுதகடும் கருகிப்போகும். அப்புறம் பேட்டரியில் இருப்பதைச் சுரண்டிச் சுரண்டி உண்ண வேண்டியதுதான். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு ஒன்றுமே தெரியாது.

விஜயதசமியன்று யானை ஊர்வலமான ஜம்பு சவாரி பார்த்த மறுநாள் குண்டலுபேட்டைச் சம்பந்தி குடும்பம் கரைக்கு வந்தது. அன்று காலையில்தான் மாரிமுத்துவும் ஊரிலிருந்து திரும்பியிருந்தான். பெருமை தாங்காமல் நஞ்சப்பா ஒவ்வொருவரையும் பொத்தானை அழுத்திப் பார்க்கச் சொன்னார். சம்பந்தி அழுத்தினார், சம்பந்தி அம்மாள் அழுத்தினாள், மாப்பிள்ளைப் பையன் வெட்கப்பட்டுக்கொண்டே அழுத்தினான். அணைத் தண்ணீரின் நடுவில் எஞ்சினை நிறுத்திவிட்டு மைசூர்பாகும் மிக்சரும் சாப்பிட்டார்கள். திரும்பலாம் என்று அழுத்தியபோது, டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கையால் சுற்றலாமே என்றால் கைப்பிடி படகில் இல்லை. பொத்தான் வந்தபின் அது எதற்கு என்று பட்டுக்கடையில் துணி சுருட்டும் உருளைக்கு எடுத்துப் போய்விட்டார்கள். கடைசியில் இரண்டு பரிசல்காரர்கள் வந்து, பட்டுப் புடவைக்காரிகளை ஒவ்வொருவராகக் கைபிடித்து இறக்கிக் கரை சேர்த்தார்கள். சம்பந்தி அம்மாள் பரிசலில் உட்கார்ந்தபடி கேட்டதாக மாரிமுத்து சொன்னான்:

"பொண்ணை அழைச்சிட்டுப் போறப்பவாவது கார்ல அனுப்புவாங்களா?"

மூவரில் ஒருவர்

என்னைக் காரில் அள்ளிக்கொண்டு போனார்கள். சம்பந்திகள் மரத்தடியில் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். மாரிமுத்துவின் குடிசை வாசலில் அண்டா, தவலை, பாய் எல்லாம் வெளியே வந்துவிட்டிருந்தன. அவன் பெண்டாட்டி கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவற்றின் நடுவே நின்றாள். அழவில்லை. எங்கே போவது என்று யோசிக்கிறவள் முகம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

படகில் இறங்கிப் பார்த்தேன். பேட்டரி கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தது. பேட்டரியின் இரண்டு முனைகளில் பாசிட்டிவ் கொஞ்சம் தடிமன், நெகட்டிவ் மெல்லிசு. வயரின் கிளாம்புகளும் அந்தந்த அளவில்தான் இருக்கும். சின்ன கிளாம்பு பெரிய முனையில் ஏறாததால் சுத்தியால் அடித்து இறக்கியிருந்தார்கள். பெரிய கிளாம்பு சின்ன முனையில் ஆடியதால், உசத்தி சிகரெட் பெட்டியின் ஈயத்தாளை மடித்துச் செருகியிருந்தார்கள். மாரிமுத்து சிகரெட் பிடிப்பவன் அல்ல. நான் வெற்றிலை. அந்த ஊரில் அந்த உசத்தி சிகரெட் பிடிப்பவர் ஒருவர்தான். ராமண்ணா வேறு என் பின்னாலேயே நின்றுகொண்டு, எஜமானரே மாட்டினார் என்று மேலே எழுதிய கதையைக் காதோடு சொல்லிக்கொண்டிருந்தார்.

கையில் அந்த ஈயத்தாளோடு கரை ஏறினேன். சும்மா விடக்கூடாது, சம்பந்தி எதிரிலேயே போட்டு உடைத்துவிடுவது என்றுதான் ஏறினேன். நஞ்சப்பா எழுந்து நின்றார். அவர் கண் என் கையில் இருந்த தாளின் மேல் விழுந்ததை நான் பார்த்தேன். ஆனால் குரலில் ஒரு நடுக்கம் இல்லை. "ஹேளி ஸ்வாமி, சொல்லுங்க. தப்பு யாருது? நானா, அவனா, நீங்களா?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார். அவர் என்று சொன்னால் கல்யாணப் பேச்சு முறியும். அந்த ஆத்திரம் என் மேல் திரும்பாது, அண்டா தவலையோடு நிற்பவள் மேல்தான் திரும்பும். அவன் என்று சொல்ல என் நாக்கு அழுகிப்போக வேண்டும். மூவரில், பழியைச் சுமந்தாலும் வேலையோ சம்பந்தமோ போகாதவன் சொந்தக் கடை வைத்திருக்கும் நான் ஒருவன்தான். தாளைக் கசக்கி மடியில் செருகிக்கொண்டேன். "என் தப்புதான், வயரைச் சரியாகப் போடவில்லை" என்றேன்.

நஞ்சப்பா பெருமூச்சு விட்டார். பிறகு, அன்பர்களே, என்னை மன்னித்தார். தோளில் தட்டி, மனுஷன்னா தவறு வரும் என்று சம்பந்திக்கு எடுத்துச் சொன்னார். சம்பந்தி அவருடைய பெருந்தன்மையை மெச்சினார். பெண் கொடுத்து எடுப்பதற்கு இப்படிப்பட்ட இடம் கிடைக்குமா என்று தம் மனைவியிடம் சொன்னார். முகூர்த்தம் குறிக்கப்பட்டது. குடிசைக்குள் அண்டா திரும்பிப் போனது. கருகின தகட்டை மாற்றி, வயரை முனை பார்த்து மாட்டினேன். பெட்டியைத் திருப்பவில்லை, கிழக்கையே பார்த்துத் தொலைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மார்க்கெட்டில் ஒரு மாதத்துக்கு என்னைக் கண்டவர்களெல்லாம் வயரைச் சரியாகப் போடத் தெரியாதவன் என்று சிரித்தார்கள்.

அன்று பஸ் ஏறப் புறப்பட்டபோது மாரிமுத்து பின்னாலேயே ஓடிவந்தான். அவனுக்கு உண்மை தெரியாது. அவன் வாயில் எதுவும் நிற்காது, பெண்டாட்டியிடம் சொல்வான், அவள் பரிசல்காரர்களிடம் சொல்வாள் என்பதால் நான் சொல்லவில்லை. நன்றி சொல்ல ஓடி வருகிறான் என்று நினைத்து நின்றேன். அவன் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தயங்கித் தயங்கி, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்:

"கோவிச்சுக்காதீங்க சாமி, புள்ளகுட்டிக்காரனுங்க நானு. அடுத்த வாட்டியாச்சும் கொஞ்சம் மனசு வெச்சு மாட்டுங்க."

நல்லது செய்தவன் நிம்மதியாகத் தூங்குவான் என்று யாராவது உங்களிடம் சொன்னால், அவர் ஒருநாளும் படகுக்கு பேட்டரி மாட்டியவர் இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.